ஓவர்க்ளாக் பண்ணி "ஸ்டேபிளா" தர்றோம்னு சொல்ற கடைங்ககிட்ட உஷாரா இருங்க

புதுசா பிசி அசெம்பிள் பண்ண போறவங்க, முக்கியமா எடிட்டிங் வேலைக்குன்னு கடன வாங்கி சிஸ்டம் போடுறவங்க இத முழுசா படிச்சிடுங்க. ஓவர்க்ளாக்னா ப்ராசசர கம்பெனி வெச்ச வேகத்துக்கு மேல ஓட வைக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடை, பேரு இங்க போடல, கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915ல கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன், அது ஓடிட்டு இருக்கு. ரைசன் 5 5600 ப்ராசசர் (ஏஎம்டி கம்பெனி சிபியு), பி550 மதர்போர்டு, 32 ஜிபி ரேம்னு கொட்டேஷன் போட்டு, மேல 3,500 ரூபா குடுத்தா ஓவர்க்ளாக் பண்ணி 4.6 ஜிகாஹெர்ட்ஸ்ல ஸ்டேபிளா ஓடுற மாதிரி தர்றோம்னாங்க. கண்ணு முன்னாடியே சினிபெஞ்ச்ங்கிற வேக டெஸ்ட் ஒரு ரவுண்டு ஓட்டி ஸ்கோரும் காட்டுனாங்க, ஆனா அது நல்லா ஜில்லுன்னு ஏசி போட்ட ரூம்ல, கேபினட் சைடு பேனல கழட்டி வெச்சு.

திருச்சிக்கு கொண்டு வந்து கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் போட்டா பாதியில ஸ்க்ரீன் கருப்பாகி தானா ரீஸ்டார்ட் ஆகுது. அத விட மோசம் முடிஞ்சு வந்த ஃபைலு, சரியா தாலி கட்டுற இடத்துல ரெண்டு மூணு ஃப்ரேம் பச்சை பச்சையா கட்டம் விழுந்து கெடக்கு. போட்டோவ ஜிப் பண்ணி அனுப்புனா பொண்ணு வீட்டுல தொறக்கும்போது சிஆர்சி எரர், அதாவது ஃபைல் உள்ள டேட்டா கெட்டுப் போயிருக்கு. அந்த பொண்ணோட அப்பா போன் பண்ணி கேட்டப்ப பதில் சொல்ல வாய் வரல, வாழ்க்கையில ஒரு தடவ நடக்குற விஷயம் இல்லையா அது.

கடைக்கு போன் பண்ணா "தம்பி அது விண்டோஸ் ப்ராப்ளம், ஃபார்மேட் போடுங்க". போட்டாச்சு, அப்பவும் அதே கதை. அடுத்து "உங்க ஊர்ல கரண்ட் சரியில்ல தம்பி, எஸ்எம்பிஎஸ் மாத்துங்க"ன்னு புதுசா ஒரு பவர் சப்ளைய தலையில கட்டுனாங்க, அந்த காசும் போச்சு. க்ளாக், வோல்டேஜ் செட்டிங் எல்லாம் இருக்குற பயாஸ் உள்ள போகலாம்னா பாஸ்வேர்டு கேக்குது. "ஏண்ணே பாஸ்வேர்டு போட்டீங்க"ன்னா "அத தொட்டா வாரண்டி போயிடும் தம்பி"ன்னு பதில்.

அப்புறம் ஹார்டுவேர் தெரிஞ்ச ஃப்ரெண்டு ஒருத்தன் வந்து விண்டோஸ்ல எரர் எல்லாம் பதிவாகுற ஈவென்ட் வியூவர தொறந்தான். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் டபிள்யூஎச்இஏ லாகர் (ஹார்டுவேர் எரர பதிவு பண்றது), ஐடி 18, ப்ராசசர் கோர், கேஷ் ஹைரார்க்கி எரர்னு வரிசையா நிக்குது. விண்டோஸும் இல்ல கரண்டும் இல்ல, சிபியுவே நான் தப்பா கணக்கு போடுறேன்னு எழுதி வெச்சிருக்கு. வேகம், வோல்டேஜ், சூடு எல்லாம் காட்டுற எச்டபிள்யூ இன்ஃபோ போட்டு பாத்தா சும்மா இருக்கும்போதும் எல்லா கோரும் 4,600லயே நிக்குது, வோல்டேஜ் 1.42, லோடு குடுத்தா கொஞ்ச நேரத்துல 90 டிகிரி. கூலர் என்னன்னா சிபியு பாக்ஸ்லயே வர்ற ரெய்த் ஸ்டெல்த், 65 வாட் சிப்புக்குன்னு குடுக்குற குட்டி கூலர்.

இந்த 5600 கம்பெனி செட்டிங்லயே 4.4 வரைக்கும் தானா பூஸ்ட் ஆகும், அதனால 4.6ங்கிறது அஞ்சு சதவீதம் கூட கிடையாது. ஆனா 1.2 வோல்ட்ல ஓடுறத 1.42க்கு ஏத்துனா, பவர் வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும்ங்கிறதால அதுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 40 சதவீதம் வாட் கூடும். ஏசி ரூம்ல தப்பிச்சது திருச்சி மே மாச வெயில்ல எப்படி தப்பிக்கும், ரூம் பத்து டிகிரி ஏறுனா சிபியுவும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். (ஆட்டோல விட்டா ஒரே கோர் பூஸ்ட் ஆகும்போது சில சமயம் 1.4க்கு மேல காட்டும், அது நார்மல், பயப்படாதீங்க. எல்லா கோருக்கும் ஃபுல் லோடுல அத ஃபிக்ஸ் பண்றதுதான் சிப்ப கொல்றது.)

எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சுட்டு, பவர் வயர புடுங்கி போர்டுல இருக்குற காயின் பேட்டரிய கழட்டி மாட்டுனோம், செட்டிங்கும் போச்சு பாஸ்வேர்டும் போச்சு. டிஃபால்ட்ல போட்டதுக்கு அப்புறம் அதே ப்ராஜெக்ட் ஒரே மூச்சுல எக்ஸ்போர்ட் ஆச்சு, ஒரு எரர் இல்ல. ஆனா இத்தனை நாள் அந்த வோல்டேஜ்ல வெந்த சிப்பு எவ்வளவு காலம் தாங்கும்னு யாரு சொல்றது, ஓவர்க்ளாக்ல டேமேஜ் ஆனா ஏஎம்டி வாரண்டில வராது. காசு வாங்குறப்ப இத ஒரு வார்த்தை சொன்னாங்களா?

அதனால எந்த கடையில ஓவர்க்ளாக்னு சொன்னாலும் பேனல மூட சொல்லுங்க, பிரைம்95 இல்லன்னா ஓசிசிடின்னு சிபியுவுக்கு ஃபுல் லோடு குடுக்குற டெஸ்ட ஒரு மணி நேரமாவது ஓட்ட சொல்லுங்க, பக்கத்துலயே எச்டபிள்யூ இன்ஃபோ தொறந்து இருக்கட்டும். சினிபெஞ்ச் ஸ்கோர் வேகத்த காட்டும், ஸ்டேபிளா இல்லையான்னு காட்டாது. பயாஸ்ல பாஸ்வேர்டு இருந்தா பணம் குடுக்காதீங்க. என்ன வோல்டேஜ், என்ன க்ளாக்னு பில்லுல எழுதி வாங்குங்க, எழுத மாட்டேன்னா இறங்கி வந்துடுங்க.

ஏற்கனவே இப்படி வாங்கி சிஸ்டம் தானா ரீஸ்டார்ட் ஆகுறவங்க மொதல்ல ஈவென்ட் வியூவர்ல ஐடி 18 இருக்கான்னு பாருங்க, இருந்தா ஸ்க்ரீன்ஷாட்டும் பில்லும் பத்திரமா வெச்சுக்கிட்டு 1915க்கு அடிங்க.