லேடெக் ஆவணத்தில் வரைபடம்: பிக்சல் படமா, பிடிஎஃப்பா, உள்ளேயே வரைவதா?

லேடெக் என்னும் ஆவண வடிவமைப்பு மென்பொருளில் எழுதும் கட்டுரையில் வரைபடத்தைச் சேர்க்க மூன்று வழிகள் பரவலாகப் புழங்குகின்றன. பிஎன்ஜி, ஜேபெக் போன்ற பிக்சல் படமாகச் சேர்க்கலாம். மேட்பிளாட்லிப் (பைத்தான் மொழியின் வரைபடத் தொகுப்பு) போன்ற கருவியில் வரைந்து வெக்டர் பிடிஎஃப்பாக, அதாவது பிக்சல்களாக அல்லாமல் கோடுகளாகவும் எழுத்துகளாகவும் பதிவாகும் கோப்பாக, சேர்க்கலாம். பிஜிஎஃப்பிளாட்ஸ் தொகுப்பைக் கொண்டு ஆவணத்துக்குள்ளேயே வரையலாம். பெரும்பாலான வேலைகளுக்கு இரண்டாவது வழியே போதும் என்பது என் கருத்து.

பிக்சல் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புகைப்படத்துக்கு ஜேபெக்கும் திரைப்பிடிப்புக்கு பிஎன்ஜியும் பொருத்தமானவை. ஆனால் கோட்டு வரைபடத்தை ஜேபெக்காகச் சேமித்தால், தகவலை இழந்து சுருக்கும் அதன் முறை, கோடுகளையும் எண்களையும் சுற்றிச் சாம்பல் நிறக் கறைகளை உண்டாக்கிவிடும். வேறு வழியின்றிப் பிக்சல் படம்தான் என்றால், 3.5 அங்குல அகலமுள்ள பக்கப் பத்திக்கு (column) 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கில் குறைந்தது 1,050 பிக்சல் அகலம் வேண்டும்.

பிஜிஎஃப்பிளாட்ஸின் பெரிய பலம் ஒருமைப்பாடு. அச்சுகளின் பெயர்களும் அவற்றிலுள்ள சமன்பாடுகளும் கட்டுரையின் எழுத்துருவிலேயே அமைவதுடன், தரவுக் கோப்பு மாறினால் மீண்டும் கம்பைல் செய்வதே (ஆவணத்தை பிடிஎஃப்பாக உருவாக்குவதே) போதுமானது. அதற்கான விலையும் அந்தக் கம்பைலில்தான் இருக்கிறது: தரவுப் புள்ளிகள் பல ஆயிரங்களைத் தாண்டும்போது நேரம் நீள்வதோடு, வழக்கமான கம்பைல் நிரலான பிடிஎஃப்லேடெக்கின் நினைவக வரம்பும் தீர்ந்து பிழைச் செய்தி வந்து நிற்கும். அதற்கு மாற்றான லுவாலேடெக் நினைவகத்தைத் தேவைக்கேற்பப் பெருக்கிக்கொள்வதால் அதில் இந்தத் தடை குறைவு. பாய்வு வரைபடம், மின்சுற்று போன்ற தரவு இல்லாத படங்களுக்கு பிஜிஎஃப்பிளாட்ஸின் அடித்தளமான டிக்ஸ் என்னும் வரைதல் தொகுப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வெளியே வரையும் பிடிஎஃப்பில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் அளவு. 7 அங்குல அகலத்தில் 10 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்துகளுடன் வரைந்த படத்தை 3.5 அங்குலப் பத்திக்குள் சுருக்கினால் எழுத்துகள் 5 புள்ளியாகிவிடும். அச்சிட்ட தாளில் அதைப் படிப்பது கடினம். ஆகவே, படத்தின் அகலத்தை வரையும் கருவியிலேயே இறுதி அளவில் கொடுத்துவிட்டு, லேடெக்கில் சுருக்காமல் சேர்ப்பதே சரி. இரண்டாவது, எழுத்துரு வகை: மேட்பிளாட்லிப் இயல்பாக வகை 3 எழுத்துருக்களைப் பதிக்கிறது, சில பதிப்பகங்கள் அதை ஏற்பதில்லை என்பதால் அதன் எழுத்துரு அமைப்பை (pdf.fonttype) 42 (ட்ரூடைப்) என்று மாற்றிவிடுவது நல்லது. மூன்றாவது, தரவுப் புள்ளிகளின் எண்ணிக்கை. லட்சம் புள்ளிகள் கொண்ட சிதறல் வரைபடம் வெக்டராக இருந்தால் கோப்பு ஊதிப்போய், அந்தப் பக்கம் திரையில் திணறியபடியே திறக்கும். அத்தகைய படத்தில் புள்ளிகளை மட்டும் பிக்சலாக்கி, அச்சுகளையும் எழுத்துகளையும் வெக்டராகவே வைத்திருக்கும் வசதி மேட்பிளாட்லிப்பில் உண்டு. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை.

பழைய இபிஎஸ் (போஸ்ட்ஸ்கிரிப்ட் வகைப் படம்) கோப்புகள் கையில் இருந்தால் அவற்றை மீண்டும் வரைய வேண்டியதில்லை. பிடிஎஃப்லேடெக் அவற்றை நேரடியாக ஏற்காவிட்டாலும், டெக் லைவ் என்னும் லேடெக் நிறுவல் தொகுப்பின் 2010 பதிப்பு முதல் அவை கம்பைலின்போது தாமாகவே பிடிஎஃப்பாக மாற்றப்படுகின்றன. எஸ்விஜி வெக்டர் கோப்பை மட்டும் இங்க்ஸ்கேப் போன்ற வரைதல் மென்பொருள் ஒன்றின் வழியாக பிடிஎஃப்பாக்கிக்கொள்ள வேண்டும்.