ஒரு ஜிபிஎஸ் கடிகாரம், எட்டுக் கருவிகள்: நான்கு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

பழைய டிரிம்பிள் தண்டர்போல்ட் ஒன்று (ஜிபிஎஸ் சிக்னலைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கடிகாரம்), அதன் பின்னால் ஒரு சிக்னலைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் எட்டு போர்ட் டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப், தனியாக ஒரு பிபிஎஸ் பஃபர் போர்டு. செட்டப் இவ்வளவுதான். ஸ்பெக்ட்ரம் அனலைசர், சிக்னல் ஜெனரேட்டர், இரண்டு கவுண்டர்கள், இரண்டு எஸ்டிஆர்கள் (மென்பொருளால் இயங்கும் ரேடியோக்கள்) இதிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸை ரெஃபரன்ஸாக வாங்குகின்றன. நொடிக்கு ஒன்றாக வரும் பிபிஎஸ் துடிப்பு ஒரு ராஸ்பெரி பைக்கும் சீரியல் போர்ட் உள்ள ஒரு லினக்ஸ் பிசிக்கும் போகிறது. கடிகாரத்தைக் குறை சொல்ல அதிகமில்லை. வந்த கோளாறுகளில் முக்கால்வாசி கேபிளின் மறுமுனையில் முளைத்தவை.

10 மெகாஹெர்ட்ஸ் வெளியீடு 50 ஓமில் சுமார் 12 டிபிஎம் (1 மில்லிவாட்டுக்கு மேல் 12 டெசிபல்) சைன். இரண்டே கருவி என்றால் டி-கனெக்டருக்குத்தான் கை போகும். இரண்டு 50 ஓம் சேர்ந்து 25 ஓம் ஆகிறது, பொருத்தமின்மையைக் காட்டும் விஎஸ்டபிள்யூஆர் 2. அப்படியும் கருவிகள் லாக் ஆகிவிடுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. தலைவலி வேறு இடத்தில். கவுண்டரை இன்டர்னல் ரெஃபரன்ஸுக்கு மாற்றினால், சில மாடல்களில் அதன் சொந்த ஆஸிலேட்டர் அதே ஜாக் வழியாக வெளியே கசியும். அது 1 ஹெர்ட்ஸ் விலகியிருந்தால், பக்கத்துக் கருவிக்குப் போகும் சிக்னல் நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். ஆகவே ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி பஃபர் இருப்பதுதான் முக்கியம். எட்டு வழி பாஸிவ் ஸ்பிளிட்டர் 9 டெசிபலும் அதற்கு மேல் கொஞ்சமும் விழுங்கும். மிஞ்சுவது 2 டிபிஎம். பல கருவிகளுக்கு அது விளிம்பு நிலை.

பழைய வீடியோ டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப் மலிவான மாற்று, நன்றாகவே உழைக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டிலும் உள்ள 75 ஓம் சீரிஸ் ரெசிஸ்டரைக் கழற்றி 49.9 ஓம் போட வேண்டும். உள்ளீட்டு டெர்மினேஷனையும் அப்படியே மாற்ற வேண்டும். வீடியோ ஆம்புக்கு 1 வோல்ட் பீக்-டு-பீக்தான் பழக்கம், 12 டிபிஎம் என்பதோ இரண்டரை வோல்ட். முன்னால் 6 டெசிபல் அட்டெனுவேட்டர் போடாவிட்டால் சைனின் தலை நசுங்கும்.

கிரவுண்ட் லூப்பை, அதாவது கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் வழியே மின்வாரிய 50 ஹெர்ட்ஸ் சுற்றி வருவதை, அலட்சியம் செய்ய வேண்டாம். 10 மெகாஹெர்ட்ஸின் இருபுறமும் 50 ஹெர்ட்ஸ் தள்ளி, 100 டெசிபல் கீழே நிற்கும் ஸ்பர் (வேண்டாத துணை சிக்னல்) தன்னளவில் ஒன்றுமில்லை. அதே ரெஃபரன்ஸைக் கொண்டு 10 கிகாஹெர்ட்ஸ் உருவாக்கினால் பெருக்கம் ஆயிரம் மடங்கு, ஸ்பர் 60 டெசிபல் ஏறி வெறும் 40 டெசிபல் கீழே வந்து உட்காரும். டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வெளியேறும் போர்ட்கள் உள்ள ஆம்புக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

எஸ்டிஆர்களுக்கு உருமாற்றம் தேவை. ஹேக்ஆர்எஃப் என்ற எஸ்டிஆரின் கிளாக் உள்ளீடு கேட்பது சைன் அல்ல, 0 முதல் 3 வோல்ட் வரையான சதுர அலை. கப்பாசிட்டர் வழியாக சைனைக் கொடுத்து, 3.3 வோல்ட்டில் ஓடும் 74ஏசி04 கேட்டைப் பாதி மின்னழுத்தத்தில் பயாஸ் செய்தால் வேலை முடிந்தது. ஒரு பொறி உண்டு: உள்ளீட்டைப் பிடுங்கினால் அந்த கேட் சும்மா இருக்காது, இரைச்சலையே சதுர அலையாக்கி அனுப்பும். கருவியும் ரெஃபரன்ஸ் வந்துவிட்டதாக நம்பிவிடும். இன்னொரு எஸ்டிஆரான ஆர்டிஎல் டாங்கிளுக்கு வேண்டிய 28.8 மெகாஹெர்ட்ஸை எஸ்ஐ5351சி என்ற கிளாக் சிப் தருகிறது: 10ஐ 86.4ஆல் பெருக்கி 864, அதை 30ஆல் வகுத்தால் கணக்கு நேர். கடைசி வகுத்தி இரட்டைப்படை முழு எண்ணாக இருப்பதால் ஜிட்டர் (முனைகளின் நேர நடுக்கம்) குறைவு. இதே சிப்பின் ஏ ரகத்தில் வெளிக் கிளாக் உள்ளீடு கிடையாது. வாங்கும்போது கடைசி எழுத்தைப் பாருங்கள்.

பிபிஎஸ்தான் அதிகம் படுத்தியது. சைனுக்கு லெவல் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. பிபிஎஸ்ஸில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு ஏறுமுனை. அனுப்பும் பக்கம் 50 ஓம், வாங்கும் பக்கமும் 50 ஓம் என்று போட்டால் 5 வோல்ட் இரண்டரையாகிவிடும். 5 வோல்ட் சிமாஸ் உள்ளீடு 3.5 வோல்ட் கேட்கும், ஆகவே அசையாது. 74எச்சிடி வகைக்கு 2 வோல்ட் போதும் என்பதால் வாங்கும் பக்கம் அதைப் போட்டோம். 3.3 வோல்ட் துடிப்பு என்றால் மிஞ்சுவது 1.65, அதற்கு எச்சிடியும் உதவாது. அங்கே அனுப்பும் பக்கம் மட்டும் 50 ஓம் வைத்து, மறுமுனையைத் திறந்து விடுவது சரி.

ஆனால் அப்படி விட்ட கேபிளில் நடுவில் இன்னொரு கருவியைத் தொங்கவிடக் கூடாது. ஸ்கோப்பில் பார்த்தால் புரியும். ஆர்ஜி-58இல் மீட்டருக்கு 5 நானோ செகண்ட். தொங்கும் இடத்துக்கு அப்பால் 2 மீட்டர் கேபிள் இருந்தால், ஏறுமுனை பாதி உயரத்தில் நின்று, போன அலை திரும்பி வர 20 நானோ செகண்ட் காத்திருந்து, பிறகு மீதியை ஏறும். நடுக் கருவியின் டிரிகர் லெவல் அந்தப் படியில் விழுந்தால் இரைச்சல் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அங்கே துடிப்பு பதிவாகும். ஒரு கேபிளுக்கு ஒரு கருவி, அவ்வளவுதான்.

தண்டர்போல்ட்டின் துடிப்பு 10 மைக்ரோ செகண்ட்தான் அகலம். சீரியல் போர்ட் அதைப் பல நேரம் தவறவிடும். 74எச்சி123 என்ற மோனோஸ்டேபிள் (ஒரு முனை வந்ததும் குறித்த நீளத்துக்குத் துடிப்பு தரும் சிப்) கொண்டு 10 மில்லி செகண்டாக நீட்டினோம். மோனோஸ்டேபிளின் நடுக்கம் இறங்குமுனையில்தான் விழும், நமக்கு வேண்டிய ஏறுமுனை அப்படியே இருக்கும். அடுத்த பொறி, சீரியல் போர்ட்டுக்கு ஏற்ப மின்னழுத்தத்தை மாற்றும் மேக்ஸ்232 சிப். அது சிக்னலைத் தலைகீழாக்கும் என்பதால், பிபிஎஸ் போகும் டிசிடி பின்னில் லினக்ஸ் 'அசர்ட்' என்று காட்டுவது உண்மையில் இறங்குமுனை. பிசி கடிகாரம் கச்சிதமாக 10 மில்லி செகண்ட் பிசகி, ஆனால் அசையாமல் நிற்கும். கிராஃப் அழகாக இருப்பதால் நாளாகக் கண்ணில் படாது. 'கிளியர்' முனைக்கு மாற்றினால் சரி. ராஸ்பெரி பைக்கு 5 வோல்ட் நேராகக் கொடுத்தால் பின் போய்விடும், 3.3 வோல்ட்டில் ஓடும் 74எல்விசி1ஜி17 பஃபர் நடுவில் இருக்கட்டும். அது 5 வோல்ட்டைத் தாங்கும், தலைகீழாகவும் ஆக்காது. யூஎஸ்பி சீரியல் அடாப்டர் வழியே பிபிஎஸ் கொடுப்பது வீண் வேலை.

தேதி விஷயம் தெரிந்ததுதான். 2017 ஜூலை 30க்குப் பிறகு தண்டர்போல்ட் 1024 வாரம் பின்னால் போய் 1997 டிசம்பரைக் காட்டத் தொடங்கியது. 10 மெகாஹெர்ட்ஸும் பிபிஎஸ்ஸும் கெடவில்லை. தேதியையும் அதிலிருந்தே எடுப்பவர்கள் 619315200 செகண்ட் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆன்டெனாவை இரண்டு ரிசீவர்களுக்குப் பிரிக்கும்போது ஒரு போர்ட் மட்டுமே மேலே மின்சாரம் அனுப்ப வேண்டும், மற்றதில் அந்த மின்சாரத்தைத் தடுக்கும் டிசி பிளாக். பிளாக் உள்ள பக்கத்து ரிசீவர் ஆன்டெனா இல்லை என்று அலாரம் கொடுக்கும். 200 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை டிசி சுமையாகக் காட்டினால் அடங்கும். 5 வோல்ட்டில் அது 25 மில்லி ஆம்பியர், கால் வாட் போதும். மொட்டைமாடி கனெக்டருக்கு வருடம் ஒருமுறை, மழைக்கு முன், பழைய டேப்பை அறுத்துப் புது செல்ஃப்-அமால்கமேட்டிங் டேப் சுற்றுகிறோம்.