ஹெச். பைலோரி போகவில்லையா? பிஸ்மத்தா, லெவோஃப்ளாக்சசினா?

கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடித்தும் ஹெச். பைலோரி என்ற வயிற்றுக் கிருமி அடங்காதவர்களுக்கு டாக்டர் சொல்லும் இரண்டு வழிகள் இவை.

மருந்து: முன்னதில் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல்; பின்னதில் லெவோஃப்ளாக்சசின், அமாக்சிசிலின். இரண்டிலும் அமிலம் குறைக்கும் மாத்திரை உண்டு.

சிரமம்: முன்னது நான்கு வேளை, 14 நாள். வாயெல்லாம் உலோகச் சுவை, மலம் கறுக்கும். அது பிஸ்மத்தின் நிறம்தான். தார் போல ஒட்டினால் மட்டும் டாக்டரிடம் ஓடுங்கள். பின்னது காலை, இரவோடு சரி.

பலன்: லெவோஃப்ளாக்சசினுக்கு அசையாத கிருமிகள் இந்தியாவில் அதிகம். அப்புறம், காசநோய்க்கும் அது தேவைப்படும் மருந்து; அதைச் சட்டென்று செலவழிக்க வேண்டாம்.

என் ஓட்டு பிஸ்மத்துக்கே. அமாக்சிசிலின் பென்சிலின் வகை என்பதால், பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கும் பிஸ்மத்தான். கர்ப்பிணிகளுக்கு டெட்ராசைக்ளின் ஆகாது. லெவோஃப்ளாக்சசினுக்குக் கிருமி அடங்கும் என்று பரிசோதனை காட்டினால் அதை எடுக்கலாம். எதுவானாலும், முடித்து 4 வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனை செய்துவிடுங்கள்.