“இதை ஆர் பூட்டப் போறது?”: கிளிநொச்சியில் ஒரு மின்பொருட் கடை

கிளிநொச்சி டிப்போச் சந்திக்கும் கரடிப்போக்குச் சந்திக்கும் இடையில், ஏ9 வீதியோரமாக உள்ள ஒரு சிறிய மின்பொருட் கடைக்குக் கடந்த மாரியில் மின் கசிந்தால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் ஒன்று வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் உடனே பெட்டியை எடுத்து வைக்கவில்லை. “தங்கச்சி, இதை ஆர் பூட்டப் போறது?” என்று கேட்டார். “எங்கட அவர்தான், அண்ணை” என்றதும், “பழசு எப்பெப்ப விழுது?” என்று அடுத்த கேள்வி வந்தது. மழை இரவுகளில் மட்டுந்தான் என்றேன். அப்படியானால் சுவிட்சில் பிழையிருக்காது, வெளியே எங்கோ மின் கசிகிறது, முதலில் அதைப் பார்ப்பியுங்கள் என்று சொல்லி, கைக்கு வந்த வியாபாரத்தை அவரே விட்டுவிட்டார்.

மின்னியலாளர் வந்து பார்த்தபோது, விறாந்தை விளக்குக்குப் போகும் வயரில் டேப் மட்டும் சுற்றியிருந்த ஒரு மூட்டுக்குள் நீர் இறங்கியிருந்தது. மூட்டைப் போட்டவர் என் கணவர். ட்ரிப் சுவிட்சை விலக்கி நேரே இணைத்துவிடலாம் என்று யோசனை சொன்னவரும் அவரே.

அந்த யோசனையை நான் சொன்னபோது, கடைக்காரர் பழுதான சுவிட்ச் ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்து விளக்கியது எனக்குப் பெரிதும் பயன்பட்டது. போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் இடையே 30 மில்லி அம்பியர் வித்தியாசம் கண்டாலே அது விழுந்துவிடும். 13 அம்பியர் பியூஸோ வயர் எரியாமல் காக்குமே தவிர, ஆளைக் கொல்லப் போதுமான மின்னோட்டம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. லைவையும் நியூட்ரலையும் ஒருங்கே பிடித்தவரை ட்ரிப் சுவிட்சும் காப்பாற்றாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கணவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வன்னியில் நாற்பதைத் தாண்டிய ஆண்கள் பலர் மின்வேலை பழகியது 12 வோல்ற் பற்றரியிலும், வானொலியில் செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிய டைனமோவிலுந்தான். அந்த வயர்களை வெறுங்கையால் முறுக்கலாம், பல்லால் உரிக்கலாம். போருக்குப் பின் வீட்டுத் திட்ட வீடுகளுக்குள் 230 வோல்ற் வந்தபோது கைகள் பழைய பழக்கத்தோடேயே இருந்தன. புதிய இணைப்புக்கு வயரிங் சோதனை அறிக்கை கேட்கிறார்கள். அதன் பிறகு குசினிக்கும் கிணற்றடி மோட்டருக்கும் நாமாக இழுப்பதை எவரும் பார்ப்பதில்லை. மின்மானியின் முத்திரையில் கை வைப்பதும் பன்றிக்கு மின்கம்பி கட்டுவதும் குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இப்பால் எது கூடும், எது கூடாது என்பதில்தான் குழப்பம்.

இங்கிலாந்தில் 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘பகுதி பி’ (Part P) என்னும் கட்டட விதி பற்றி லண்டன் அண்ணா ஒருமுறை சொன்னார்: பழுதான சொக்கெற்றை அதே இடத்தில் வீட்டுக்காரரே மாற்றலாம், ஆனால் புதிதாக ஒரு சேர்க்கிட் இழுப்பதென்றால் பதிவுபெற்ற மின்னியலாளர் செய்ய வேண்டும், அல்லது உள்ளூராட்சி மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். நம் கடைக்காரர் இன்னும் இறுக்கமானவர். பல்பும் பிளக்கின் பியூஸும் உங்களுடையவை, சுவருக்குள் இருப்பது தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உள்ளவருடையது என்பது அவர் வகுத்த எல்லை. சொக்கெற்றுக்கு ஏழு இழையுள்ள தடித்த 7/0.67 வயர் கேட்டால் தருவார்; ஒற்றை இழையுள்ள மெல்லிய 1/1.13 போதாதா என்று பேரம் பேசினால், அது விளக்குக்கு உரியது என்று சுருளைத் திருப்பி வைத்துவிடுவார்.

குறைகளும் உண்டு. சதுர முள் பிளக்கைத் தேசியத் தரமாக அறிவித்துப் பல ஆண்டுகளாகியும், எந்த முள்ளையும் ஏற்கும் மலிவு அடப்டர்கள் வாசலிலேயே மாலையாகத் தொங்குகின்றன. ஏர்த் துளைக்குள் பேனை மூடியைச் செருகி இருமுள் பிளக்கைத் திணிக்கும் நம்மவர் வழக்கத்துக்கு அவை மேல் என்பது அவருடைய நியாயம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பெட்டிகளுக்குள் வரும் அறிவுறுத்தல் தாள்களில் தமிழ் கிடையாது, விலை சற்று அதிகம், பற்றுச்சீட்டைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பின்னேரங்களில் கடையைப் பார்க்கும் பொடியன்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் எதையும் பொதி செய்து கொடுத்துவிடுகிறார்கள். காலையில், முதலாளி இருக்கும்போது போங்கள்.