டிரெயின்ஸ் பிளஸ், நீண்டநாள் பயன்பாடு: சந்தா நின்றால் கட்டிய பாதை திறக்குமா?

சலுகை விலை ஓடுகிறதே, டிரெயின்ஸ் பிளஸ் என்ற ரயில் சிமுலேட்டருக்கு ஓராண்டுச் சந்தா எடுத்துவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரே சொல்லில் முடிகிற பதில் இல்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். கேப் மோடு (நிஜ எஞ்சினைப் போல எல்லா நெம்புகோல்களையும் கையாண்டு ஓட்டுவது) எது, டிசிசி மோடு (ஒரே குமிழைத் திருகி எளிதாக ஓட்டுவது) எது, பாதை (தண்டவாளமும் நிலப்பரப்பும்) வேறு, செஷன் (அதில் வண்டிகள் ஓடும் ஏற்பாடு) வேறு என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. வண்டி ஓட்ட மட்டும் வாங்குகிறவருக்கு இதில் பாதி தேவைப்படாது. பாதை கட்டுகிறவர் அவசியம் முழுதும் படிக்கவும்.

முதலில் மனதாரப் பாராட்ட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: எச்டி தரை, அதாவது மிக நுண்ணிய கட்டங்களால் ஆன நிலப்பரப்பு. இந்த வரிசையின் முதல் பதிப்பான டிரெயின்ஸ் 2001-இல் வந்தது. அதன் தரை 720 மீட்டர் சதுரப் பலகைகளால் ஆனது, 10 மீட்டருக்கு ஓர் உயரப் புள்ளி. பிறகு 5 மீட்டர் கட்டமும் சேர்ந்தது. இது ஏன் தொல்லை என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 3 மீட்டர் உயர மண்கரை, ஒன்றரைக்கு ஒன்று சரிவு என்றால் சரிவு தரையில் எடுத்துக்கொள்ளும் இடம் நாலரை மீட்டர். 10 மீட்டர் கட்டத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இந்தச் சரிவைக் காட்ட முடியாது. சரிவு 10 மீட்டருக்கு இழுபடும், அல்லது உச்சி ஒரு பக்கம் சாயும். தண்டவாளம் கட்டத்துக்குக் குறுக்காகப் போனால் கரையின் விளிம்பு ரம்பப் பல்லாகிவிடும். வளைவுகளில் ஸ்லீப்பர்களுக்கு நடுவே மண் துருத்தும், இல்லாவிட்டால் தண்டவாளம் அந்தரத்தில் நிற்கும். இதை மறைக்கத்தான் கரை வடிவில் செய்த, நீளவாக்கில் இழுத்துப் போடும் பொருள்களான ஸ்பிளைன்களைப் பாதை நெடுகப் போட்டு, அதுவும் போதாமல் புதர் நட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள் பாதை கட்டுகிறவர்கள்.

எச்டி தரையில் கட்டம் 12.5 சென்டிமீட்டர். பழைய தரையில் 100 சதுர மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால், இங்கே ஒரு சதுர மீட்டருக்கு 64. ஜல்லியின் தோள்பகுதி முடிகிற இடம், அதையொட்டிய வடிகால், லெவல் கிராசிங்கில் சாலை ஏறி இறங்கும் மேடு, எல்லாவற்றையும் தரையிலேயே செதுக்கலாம். வண்ணம் பூசுவதும் அப்படியே. ஜல்லியின் சாம்பல் நிறம் தண்டவாளத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் நிற்க வேண்டுமென்றால் அங்கேயே நிற்கும். டர்ஃப்எஃப்எக்ஸ் என்ற முப்பரிமாணப் புல்லை விளிம்புவரை பூசினாலும் அது தண்டவாளத்துக்குள் வந்து முளைக்காது. கேப்பிலிருந்து ஜன்னல் வழியே கீழே பார்க்கிறவருக்குத்தான் இதன் அருமை புரியும். மேலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

பாதை கட்டும் பகுதியின் புது வடிவமான சர்வேயர் 2.0-வும் சந்தாதாரர்களுக்கே முதலில் வந்தது. கேமரா தரையோடு ஒட்டிக்கிடக்காமல் விருப்பப்படி பறக்கிறது. கருவிக்கு வடிகட்டி போடலாம்: மரங்களை மட்டும் நகர்த்து, தண்டவாளத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டால் தொடாது. பழைய சர்வேயரில் புதர் ஒன்றை இழுக்கப்போய்ப் பாயிண்ட் லீவர் (வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் நெம்புகோல்) நகர்ந்துபோவது எல்லோருக்கும் தெரிந்த வேதனை. இதைவிடப் பெரிய வரம் ஸ்கிராப்புக். தரை, வண்ணம், சாலை, கேட், வேலி எல்லாம் சேர்த்து ஒரு லெவல் கிராசிங்கை ஒழுங்காகக் கட்டி ஸ்கிராப்புக்கில் போட்டு வைத்துவிட்டால், அதையே வேறு பாதைக்கும் எடுத்துப்போகலாம். ஒன்று கவனம்: ஒட்டும்போது உயரத்தையும் சேர்த்து ஒட்டினால் பழைய இடத்தின் மேடுபள்ளமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சரிவான இடத்தில் பொருள்களை மட்டும் ஒட்டிவிட்டு உயரத்தைக் கையால் சரிசெய்வது நல்லது.

கணினிக்குச் சுமை அதிகம், அதில் சந்தேகமில்லை. ஓட்டம் திக்கினால் முதலில் நிழல் தரத்தைக் குறையுங்கள், பிறகு பார்வைத் தொலைவை. கடைசியாகத்தான் புல்லில் கைவைக்க வேண்டும்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். டிரெயின்ஸில் பாதையோ எஞ்சினோ சிக்னல் கம்பமோ, எந்தப் பொருளை எடுத்தாலும் அதற்கு கேயுஐடி என்ற அடையாள எண்ணும் கான்ஃபிக் என்ற விவரக் கோப்பும் உண்டு. அந்தக் கோப்பில் டிரெயின்ஸ்-பில்ட் என்று ஒரு வரி. எந்தப் பதிப்பிலிருந்து இந்தப் பொருள் வேலை செய்யும் என்பதைச் சொல்லும் எண் அது. பழைய பதிப்பில் செய்ததைப் புதியதில் திறக்கலாம். புதியதில் சேமித்ததைப் பழையது திறக்காது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய பழைய பதிப்பான டிஆர்எஸ் 19-இல் தொடங்கிய பாதையை டிரெயின்ஸ் பிளஸில் திறந்து, ஒரே ஒரு மரத்தை நட்டுச் சேமித்தாலும் எண் ஏறிவிடும். அதன்பிறகு டிஆர்எஸ் 19-க்கு அந்தப் பாதை எட்டாது.

கான்ஃபிக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதானே, எண்ணைக் குறைத்துவிட்டால் போயிற்று என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒரு வேலிக்கோ பெட்டிக்கோ சில சமயம் அது பலிக்கும். பாதைக்குப் பலிக்காது. பாதையின் தரையமைப்பும் தண்டவாளமும் பொருள்களின் இடங்களும் தனித்தனி பைனரிக் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றின் அமைப்பே மாறியிருக்கும்போது வெளியே எண்ணை மாற்றி எழுதி ஒன்றும் ஆகாது. எச்டிக்கு மாற்றிய பாதை என்றால் கேட்கவே வேண்டாம், அது திரும்பி வராத மாற்றம்.

நிரந்தர உரிமத்தில் இதெல்லாம் வழக்கமான பதிப்புச் சிக்கல், பொறுத்துக்கொள்ளலாம். வாங்கியது கையில் இருக்கும், நாளைக்கும் திறக்கும். சந்தாவில் கதை வேறு. சந்தா முடிந்தால் டிரெயின்ஸ் பிளஸ் ஓடாது. அதில் சேமித்த பாதை கையிலிருக்கும் டிஆர்எஸ் 19-இல் திறக்காது. கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கும், அதைத் திறக்கும் மென்பொருளுக்கு மட்டும் மறுபடி பணம் கட்ட வேண்டும். மாலைப்பொழுதுகளையெல்லாம் செலவழித்து ஒருவர் கட்டியதை அவரே பார்க்க மாதாமாதம் கட்டணம் என்பதை எத்தனை முறை நியாயப்படுத்திப் பார்த்தாலும் மனம் ஒப்பவில்லை.

கோல்டு சந்தாவில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. கட்டணப் பாதைகளும் வண்டிகளும் சந்தாவோடு சேர்ந்தே கிடைக்கின்றன. வண்டி ஓட்ட மட்டும் வருபவருக்கு அருமையான ஏற்பாடு. கட்டுகிறவருக்கு அது வழுக்குமரம். ஒரு கட்டணத் தொகுப்பிலிருந்து தண்டவாளத்தையும் இரண்டு கட்டிடங்களையும் எடுத்துத் தன் பாதையில் போட்டுவிடுவார். சந்தா நின்றதும், பொருள்களை நிர்வகிக்கும் கன்டென்ட் மேனேஜரில் அந்தப் பொருள்களின் நிலை ‘பேவேர் (கட்டணப் பொருள்), செயலில் இல்லை’ என்று மாறும். பாதையைத் திறந்தால் அவை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அந்த நேரத்தில் சர்வேயர் மெனுவில் இருக்கும் ‘காணாமல்போன பொருள்களை நீக்கு’ கட்டளையைத் தயவுசெய்து தொடாதீர்கள். எந்தக் கேயுஐடி எந்த இடத்தில் இருந்தது என்ற குறிப்பையே அது அழித்துவிடும். அழித்துச் சேமித்த பிறகு சந்தாவைப் புதுப்பித்தாலும் அந்தப் பொருள்கள் பாதைக்குத் திரும்பாது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. தரையின் அமைப்பை மாற்றாமல் 12.5 சென்டிமீட்டர் வந்திருக்காது. பழைய பதிப்பு புதிய கோப்பைப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. நிரந்தர உரிமம் மட்டும் விற்ற காலத்திலும் 2015, 2019, 2022 என்று புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் பணம் கட்டத்தான் செய்தார்கள். டவுன்லோட் ஸ்டேஷன் என்ற பெரிய களஞ்சியத்தை நடத்துவதற்கும் செலவு உண்டு. சந்தாவோ, வேகமாகப் பதிவிறக்கப் பணம் கட்டி வாங்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட்டோ இல்லாதவருக்கு அங்கே வேகக் கட்டுப்பாடு இருப்பதையும் அந்தக் கணக்கில் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் புதியதிலிருந்து பழையதற்கு இறக்கித் தரும் ஒரு ஏற்றுமதி வசதி கேட்பது அநியாயமா? தரத்தைக் குறைத்தே தரட்டும். 12.5 சென்டிமீட்டர் தரையை 5 மீட்டருக்குச் சராசரியாக்கி, புது வசதிகளை விட்டுவிட்டு, தண்டவாளமும் பொருள்களும் மட்டும் வந்தால் போதும். இதற்கு நேர் எதிராக ஓப்பன் ரெயில்ஸ் என்ற இன்னொரு ரயில் சிமுலேட்டரைப் பாருங்கள். இலவசம், திறமூலம். 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரின் பாதைகளை இன்றைக்கும் படிக்கிறது. 2048 மீட்டர் தரைத்துண்டு, 8 மீட்டருக்கு ஓர் உயரப் புள்ளி, அழகில் டிரெயின்ஸ் பிளஸ் பக்கத்தில் நிற்க முடியாதுதான். ஆனாலும் அன்றைக்குக் கட்டியவரின் பாதை இன்றும் திறக்கிறது, வண்டி ஓடுகிறது. பெட்டிக் கோப்பும் எஞ்சின் கோப்பும் எழுத்துக் கோப்புகள் என்பதால் பிரேக் அழுத்தத்தையோ எடையையோ எவரும் திறந்து திருத்தலாம்.

வரப்போகும் வசதிகளைக் காட்டித்தான் சந்தாவை நியாயப்படுத்துகிறார்கள் என்பதால் அதைப் பற்றியும் கொஞ்சம். லிவிங் ரெயில்ரோட் என்று அறிவித்தது நல்ல எண்ணம்: தொழிற்சாலைகளும் நிலையங்களும் தாமே வேலையை உருவாக்க, வண்டிகள் அதற்கேற்ப ஓட வேண்டும். இது சரியாக நடக்க முதலில் ஏஐ ஓட்டுநர் திருந்த வேண்டும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளும் ஆளுக்கொரு பாயிண்டைப் பிடித்துக்கொண்டு சிவப்பு சிக்னலில் நிற்பது டிரெயின்ஸில் புதிதல்ல. இப்போதைக்கு அதற்கு மருந்து, பாயிண்டுகளையும் சிக்னல்களையும் வழிவாரியாகப் பூட்டிவைக்கும் இன்டர்லாக்கிங் டவர். வண்டிகள் ஒன்றையொன்று கடக்க உதவும் பக்கத் தண்டவாளமான லூப்புக்குள் நுழையும் வழி, வெளியேறும் வழி இரண்டையும் தனித்தனியாக வரையறுத்து, ஒரு வழி கிடைத்த பிறகே வண்டி முந்தைய நிலையத்தை விட்டுக் கிளம்பும்படி செஷனை அமைத்தால் முட்டுக்கட்டை பெருமளவு குறையும். நிலையத்துக்கு நிலையம் கையால் செய்கிற வேலை இது. இதைச் செய்யாத பாதையில் எந்தப் புது வசதி வந்தாலும் வண்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். மல்ட்டிபிளேயர் சர்வேயரில் பலர் சேர்ந்து ஒரே பாதையைக் கட்டலாம் என்பது உண்மையிலேயே மகிழ்ச்சியான வசதி. அதற்கு எல்லோரிடமும் சந்தாவும் அதே பொருள்களும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

அறிவிப்புப் பட்டியலில் இருப்பதற்கு விலை கொடுக்காதீர்கள். இன்றைய வெளியீட்டில் இருப்பதற்கு மட்டும் கொடுங்கள். நிரந்தர உரிமத்தின் விலையை மாதச் சந்தாவால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண் எத்தனை மாதமோ, அதைத் தாண்டியும் இடைவிடாமல் கட்டப்போகிறீர்கள் என்றால், தாண்டிய ஒவ்வொரு மாதமும் சந்தாவில் மட்டும் கிடைக்கும் வசதிகளுக்கே கொடுக்கிற பணம். ஆண்டுச் சந்தாவின் தள்ளுபடியைக் கணக்கில் சேர்க்கும்போது பாதை கட்டாமல் விடும் மாதங்களையும் கழியுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் அப்படிப்பட்ட மாதங்கள் நிறைய வரும்.

மேலே இத்தனை பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். சந்தையில் இதைவிட நல்ல பாதை கட்டும் கருவி எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் கோபம் கூடுகிறது. இறக்கித் தரும் வசதி ஒன்று வரட்டும், அன்றைக்கே ஆண்டுச் சந்தா எடுக்கச் சொல்கிறேன்.

சலுகை கண்ணை இழுக்கிறது, எடுத்தே தீருவேன் என்றால் இவற்றையாவது செய்யுங்கள். பாதையை டிரெயின்ஸ் பிளஸில் திறப்பதற்கு முன்பே பழைய பதிப்பில் சிடிபி கோப்பாக (டிரெயின்ஸின் பொதிக் கோப்பு) எடுத்து வேறு வட்டில் வையுங்கள். டிரெயின்ஸ் பிளஸில் அதன் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள், நகலின் பெயரிலேயே பிளஸ் என்று சேர்த்துவிடுங்கள். எச்டி மாற்றத்தை முதலில் இரண்டு மூன்று பலகை அளவுள்ள சோதனைப் பாதையில் செய்து பாருங்கள். அவ்வப்போது கன்டென்ட் மேனேஜரில் பாதையைத் தேர்ந்து, சார்புப் பொருள்களை அடிவரை பட்டியலிட்டு, பேவேர் என்று வருபவற்றைப் பாருங்கள். தனியாக விலை கொடுத்து வாங்காத ஒரு பொருள் அந்தப் பட்டியலில் இருந்தால், டவுன்லோட் ஸ்டேஷனில் கிடைக்கும் இலவசப் பொருளால் உடனே மாற்றிவிடுங்கள். தண்டவாளத்தை முதலில் கவனியுங்கள். கட்டிடம் போனால் ஒரு வெற்றிடம்தான், தண்டவாளம் போனால் சிக்னல், பாயிண்ட், செஷன் என்று எல்லாமே சேர்ந்து போய்விடும். சந்தா முடிவதற்குள், நீங்கள் கட்டியவை சேமிக்கப்படும் லோக்கல் கோப்புறையையும் அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.