தென்னையில் டிஷ்யூ கல்ச்சர் கன்று இல்லை என்று சொன்ன நாற்றுப் பண்ணை

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில், பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு தென்னை நாற்றுப் பண்ணை இருக்கிறது. பச்சை நிழல்வலைதான் அடையாளம். நடத்துவது ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. இரண்டு வருடமாக அங்கேதான் கன்று வாங்குகிறேன்.

முதலில் நான் ஏமாந்த கதை. எங்கள் தோட்டத்தில் வேர்வாடல் நோய் வந்து பதினேழு மரம் போயிற்று. ஓலை விலா எலும்பு மாதிரி உள்ளே வளைந்து, காய் சிறுத்து, வருடக்கணக்கில் நலிந்துகொண்டே போகும். நடுவில் அப்பா 1987-ல் வைத்த நெட்டை மரம் ஒன்று மட்டும் எதுவும் ஆகாமல் காய்க்கிறது. அதே மரத்தை இன்னும் நாற்பது வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வாழையில் திசுவை எடுத்து ஆய்வகத்தில் அதே மரமாகப் பெருக்கிய ஜி-9 ரக டிஷ்யூ கன்று எல்லாரும் வைக்கிறோமே, தென்னையிலும் இருக்கும் என்று நம்பினேன். வேறொரு ஊர் நர்சரியில் ‘டிஷ்யூ கல்ச்சர் தென்னை’ என்று கன்று 450 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இருபது வாங்கினேன்.

மீதியிருந்த மூன்று கன்றோடு அக்காவிடம் போனேன். ஒரு பையை எடுத்து, ஓரமாக விரலை மண்ணுக்குள் விட்டார். ‘தம்பி, நீங்களே கையை விட்டுப் பாருங்க’ என்றார். நான்கு விரல் ஆழத்தில் தேங்காய் மட்டை தட்டியது. மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். ஆய்வகத்தில் வளர்ந்த கன்றுக்கு அடியில் மட்டையும் ஓடும் எப்படி இருக்கும்?

அப்புறம் அக்கா விளக்கினார். வாழை பக்கக்கன்று விடும். தென்னைக்கு ஒரே குருத்துதான். பக்கக்கன்றும் இல்லை, பதியமும் போட முடியாது. காசர்கோடு ஆராய்ச்சி நிலையத்தில் குருத்து முளையிலிருந்தும் விரியாத பாளையிலிருந்தும் திசு எடுத்துப் பல வருடமாக முயற்சி நடக்கிறது. ஆனால் விவசாயி ரோட்டோரத்தில் வாங்கும் அளவுக்குக் கன்று வரவில்லை. ‘இல்லாத சரக்கை இருக்குன்னு சொல்லி உங்க காசை நான் வாங்க மாட்டேன் தம்பி’ என்றார். 2021-ல் பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆய்வகத்தில் தென்னை முளையைப் பெருக்கும் ஒரு வழியை வெளியிட்டது எனக்குத் தெரியும். அதைச் சொன்னதும், ‘வரட்டும், காய்ச்ச பிறகு வாங்கலாம்’ என்றார். அதில் அர்த்தம் இருக்கிறது. எண்ணெய்ப் பனையை அப்படிப் பெருக்கி நட்ட இடங்களில், சில மரங்கள் காய்க்கும்போதுதான் காய் கோணலாகி எண்ணெய் குறைவது தெரிந்தது. மரபணு மாறவில்லை, டி.என்.ஏ.வில் ‘கர்மா’ என்ற துண்டின் மேல் இருந்த மெத்தில் குறிகள் (மரபணு வேலை செய்வதைக் கட்டுப்படுத்தும் இரசாயன அடையாளங்கள்) அழிந்ததுதான் காரணம் என்று 2015-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

சரி, அக்கா எனக்கு என்ன செய்து கொடுத்தார்? அப்பா மரத்து நெற்றையே (முற்றிய விதைத் தேங்காய்) கொண்டு வரச் சொன்னார். வெட்டிக் கீழே போடக் கூடாது, குலையைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். அடி பட்டால் உள்ளே முளை கெடும். ஐம்பது நெற்று கொடுத்தேன். மணலில் வைத்துப் பிறகு பாத்தியில் போட்டார். ஆறு மாதத்துக்குள் முளைக்காததையும், கூர் மெலிந்து வந்ததையும் பிடுங்கிப் போட்டுவிட்டார். நான் தயங்கியபோதும் விடவில்லை. கடைசியில் தேறியது 31. அதற்கு மட்டும் கன்றுக்கு 90 ரூபாய் வாங்கினார். கழுத்து பத்து சென்டிமீட்டர் சுற்றளவுக்கு மேல், ஆறு ஓலைக்குக் குறையாமல் இருந்தன. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொன்னார்: நெட்டையில் மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்ததோ, ஆகவே இவை அப்பா மரத்தின் பிள்ளைகள்தான், அதே மரம் இல்லை.

ஒட்டு ரகத்திலும், அதாவது இரண்டு ரகத்தைக் கலந்து எடுக்கும் கலப்பினத்திலும், கண்ணில் காட்டித்தான் தருகிறார். சாவக்காடு ஆரஞ்சு குட்டையை மேற்குக் கடற்கரை நெட்டையோடு கலந்தால் கன்றின் காம்பு பழுப்பாக வர வேண்டும். ஆரஞ்சாகவே வந்தால் தாய் மரம் தன் மகரந்தத்திலேயே கருவுற்றது, அது ஒட்டு இல்லை. அப்படி வந்த கன்றுகளைத் தனியாக ஒதுக்கி, குட்டை என்றே குறைந்த விலைக்கு விற்கிறார்.

குறை உண்டு. பில் தருவதில்லை, கேட்டால் நோட்டில் எழுதிக் காட்டுவார். மழைக்காலத்தில் உள்ளே வண்டி போகாது, கன்றை நாமே ரோடு வரை சுமக்க வேண்டும். வேர்வாடலைத் தாங்கும் கல்பரக்‌ஷா மாதிரியான ரகம் அவரிடம் இல்லை. அதற்கு அரசு நிலையத்தில்தான் எழுதி வைக்கச் சொல்கிறார்.

நெற்று கொடுக்க நினைப்பவர்கள் சித்திரையிலேயே பேசி வையுங்கள், ஆனிக்குள் பாத்தி நிறைந்துவிடுகிறது. என் முப்பத்தொரு கன்றில் இருபத்தெட்டு பிடித்து நிற்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் ஓலை மடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை எதுவும் மடங்கவில்லை.