அம்மாவுக்கு மெத்தை வாங்கிய கதை

டொரண்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் தேனிக்கு வந்தபோது, சென்ற பயணத்தில் நான் வாங்கித் தந்திருந்த ஃபோம் மெத்தை சுவரில் சாய்ந்து நின்றது. நடுப்பகுதி தொட்டில்போலக் குழிந்துவிட்டதால், அம்மா வெறுங்கட்டிலில் ஜமுக்காளம் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தார்.

கடையிலிருந்து ஒருவர் வந்து அளந்து பார்த்தார். குழிவு முக்கால் அங்குலம் இருந்தது. ஓர் அங்குலத்தைத் தாண்டினால்தான் குறையாகக் கருதப்படும் என்பதும், தாண்டினாலும் பயன்படுத்திய ஆண்டுகளுக்குரிய தொகையைக் கழித்துக்கொண்டு அதே கடையில்தான் வேறு மெத்தை எடுக்க வேண்டும் என்பதும் உத்தரவாத அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்தன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ரசீதில் கெடு எதுவும் குறிக்கப்படாதபோது குறையுள்ள பொருளை 30 நாள்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. ஆனால் இரண்டு ஆண்டு கடந்த குழிவுக்கு அது உதவாது. படுத்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்பதும் குறையில் சேராது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் புதிய மெத்தையையும் மாற்றித் தருவதில்லை என்று எல்லாக் கடைகளிலும் சொன்னார்கள். இணையத்தில் 100 இரவுகள் படுத்துப் பார்க்க அனுமதிக்கும் நிறுவனங்கள் உண்டு என்றாலும், நான் ஊர் திரும்பிய பிறகு அம்மா தனியாக அதைக் கட்டித் திருப்பி அனுப்புவது நடக்கிற காரியமில்லை.

ஆகவே, வாங்கும் முன்பே சோதிப்பது என்று முடிவு செய்தேன். ஃபோமில் '40 அடர்த்தி' என்றால் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ என்று பொருள். அந்தக் கணக்கில் 72க்கு 36 அங்குலமும் 5 அங்குல உயரமும் உள்ள மெத்தை, உறை நீங்கலாகவே ஏறக்குறைய எட்டரை கிலோ இருக்க வேண்டும். விமானப் பெட்டியை நிறுக்க வைத்திருந்த கைத்தராசில் கயிறு கட்டித் தூக்கியபோது ஒரு கடையின் '40 அடர்த்தி' மெத்தை உறையோடு சேர்த்தே ஏழு கிலோவைத் தொடவில்லை. கடைக்காரர் தராசைத்தான் குறை சொன்னார். ரப்பர் பூசிய தென்னைநார் மெத்தை உறுதியாகவும் காற்றோட்டமாகவும் இருந்தது. ஆனால் அதைத் திருப்பிப் போட இரண்டு பேர் வேண்டும்.

இலவம்பஞ்சு மெத்தையே போதும் என்று அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அதைப் பழைய காலத்துப் பேச்சென்று நான் தள்ளிவிட்டேன். நான்காம் நாள்தான் அவருடன் போடிநாயக்கனூர் சென்றேன். அங்கே தைப்பவர், எங்கள் கண்ணெதிரே பஞ்சை நிறுத்துத் துணியில் அடைத்தார். மில் கழிவுப் பஞ்சு கலந்திருக்குமோ என்று கேட்டதற்கு, ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டு அமுக்கிக் காட்டினார். விட்டதும் மேலே வந்துவிட்டது. ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இந்தப் பஞ்சை அடைத்ததும் அது நீரை உறிஞ்சாது என்பதால்தான்.

இதுவும் அமுங்கும், கட்டி தட்டும். ஆனால் தையலைப் பிரித்து, கட்டியை உதிர்த்து, வெயிலில் காயவைத்து, குறைந்த அளவுக்குப் புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்துவிடலாம். மாற்றித் தரும்படி எந்தக் கடையிலும் நிற்க வேண்டியதில்லை. 12 கிலோ பஞ்சில் தைத்த மெத்தை முதல் வாரம் கட்டிலில் மலைபோல உயர்ந்து நின்றதால், அம்மா ஏறிப் படுக்க ஒரு முக்காலி போட வேண்டியிருந்தது. சித்திரையில் புதுப் பஞ்சு வந்ததும் இரண்டு கிலோ சேர்க்க வேண்டியிருக்கும் என்று தைப்பவர் சொன்னதால், அதற்கான பணத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.